பதினாறடிக் கயாக்

வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் யாரையாவது கரைத்துவிட்டு வரத்தான் போயிருக்கிறார்கள். அஸ்தியைக் கரைப்பார்கள், ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்குவார்கள், ஈர வேட்டியோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சங்குமுகம் கடற்கரை கால் மணி நேர ஆட்டோ தூரத்தில் இருந்தும், அந்தத் தெருவுக்குக் கடல் என்பது காரியம் செய்கிற இடம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட தெருவில், இடது காலில் போலியோ வந்த, கல்யாணம் ஆகாத, நாற்பத்தேழு வயது ராஜஸ்ரீ கடலில் ஓட்டுகிற கயாக் படகு ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதோடு நிற்காமல் அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

ஆசை வந்த கதை சின்னது. தம்பானூரில் ஒரு சர்க்கார் ஆபீசில் அவள் கிளார்க். ஆபீசில் எல்லாரும் ஒரு சனிக்கிழமை வேளிக் காயலுக்கு உல்லாசப் பயணம் போனார்கள். எந்தப் பயணம் போனாலும் ராஜஸ்ரீக்கு ஒதுக்கப்பட்ட வேலை, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய பைகளையும் பார்த்துக்கொள்வது. யாரும் சொல்லவே வேண்டாம், பைகள் தாமாக வந்து அவள் மடியில் விழும். அன்றும் பதினொரு பைகளோடு உட்கார்ந்திருந்தவளிடம், அங்கே கயாக் கற்றுக்கொடுக்கிற நேசமணி வந்து நின்றான். குளச்சல்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அக்கா ஏறலியா?"

"காலைப் பாத்தேளா?" என்று ராஜஸ்ரீ காலிப்பர்க் கம்பிகள் மாட்டிய காலைக் காட்டினாள்.

"காலு உள்ளதானே கெடக்கப்போவுது. ஆரு பாக்கப்போறா?"

நாற்பத்தேழு வருஷத்தில் அந்தக் காலைப் பற்றி ஒருவரும் அவளிடம் அவ்வளவு சாதாரணமாகப் பேசியதில்லை. அவள் பைகளை இறக்கி வைத்தாள். காலிப்பரைக் கழற்றினாள். நேசமணியும் இன்னொரு ஆளும் கைத்தாங்கலாகப் பிடித்து அவளைப் படகுக்குள் இறக்கினார்கள். முப்பது வருஷம் ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி இறுகிப்போன தோள் அவளுடையது. துடுப்பைப் பிடித்ததும் அந்தத் தோளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தானாகவே தெரிந்துவிட்டது. கால் மணி நேரத்தில் ஆபீஸ் ஆட்களை எல்லாம் தாண்டிக் காயலின் நடுவுக்குப் போய்விட்டாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இடுப்புக்கு மேல் ஒரு பெண்பிள்ளை, கையில் துடுப்பு, வேறொன்றும் இல்லை. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வேளிக்குப் போனாள். அம்மா சுப்புலக்ஷ்மிக்கு இடுப்பெலும்பு முறிந்து கூடத்தில் கட்டிலோடு இருந்த சமயம். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை அடுத்த வீட்டு சரோஜம் மாமி வந்து அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்துகொள்வாள். ஆபீஸ் விஷயம் என்று ராஜஸ்ரீ வீட்டில் ஒரு பொய் சொல்லியிருந்தாள். தண்ணீரில் கவிழ்ந்தால் படகுக்குள் தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மாட்டிய மறைப்பை இழுத்துவிட்டு வெளியே வரப் படித்தாள். காயலும் கடலும் சேருகிற பொழிமுகம் வரை போனாள். தை மாதத்தில் ஒருநாள் காலை, அலை ஓய்ந்த நேரம் பார்த்து, நேசமணி அவளைக் கடலுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போனான்.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது அப்போதுதான். நேசமணி மூன்று படகுகளைக் காட்டினான்.

முதலாவது மஞ்சள், கட்டில் மாதிரி அகலம். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்களாம். காயலில் ஆடாமல் அசையாமல் போனது. பொழி தாண்டியதும் அதன் குணம் தெரிந்தது. அலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கமெல்லாம் அதுவும் சாய்ந்தது, இடுப்பால் நிமிர்த்தலாம் என்றால் அந்த அகலத்தில் இடுப்புக்குப் பிடியே கிடைக்கவில்லை. "இதத்தான் எல்லாரும் பத்திரம்னு நெனச்சு வாங்குவாவ" என்றான் நேசமணி. இரண்டாவது பச்சை. சுக்கான் வைத்தது. சுக்கானைத் திருப்ப உள்ளே இரண்டு மிதி, காலுக்கு ஒன்று. ராஜஸ்ரீயின் இடது கால் மிதிக்காது. வலது பக்கம் மட்டுமே திரும்பத் தெரிந்த படகு அவளுக்கு எதற்கு?

மூன்றாவது வெள்ளை. பதினாறு அடி நீளம், அகலம் இருபத்திரண்டே அங்குலம். பின்னால் அடிப்பக்கம் ஒரு சின்னச் செதில், கைக்குப் பக்கத்தில் இருக்கும் கயிற்றை இழுத்தால் தண்ணீருக்குள் இறங்கும். காலுக்கு வேலையே இல்லை. முதலில் அது பயமுறுத்தியது, தும்மினால் கவிழும் போல இருந்தது. அவளுடைய இடது தொடை மெலிந்தது என்பதால் படகின் பக்கத்தை எட்டிப் பிடிக்கவில்லை. நேசமணி ஒரு பழைய ரப்பர்ச் செருப்பை நறுக்கி, அந்தத் துண்டுகளை உள்பக்கத்தில் அவள் தொடை அளவுக்கு ஒட்டிக் கொடுத்தான். மறுவாரம் உட்கார்ந்தபோது இடுப்பு அசைந்தால் படகு அசைந்தது, இடுப்பு நின்றால் படகு நின்றது. அலை வந்தபோது உடம்பும் படகும் சேர்ந்து ஏறி இறங்கின.

ராஜஸ்ரீயைப் பெண் பார்க்கப் பதினொரு பேர் வந்துபோயிருக்கிறார்கள். காபி குடிக்கும்வரை முகத்தைப் பார்ப்பார்கள், அவள் எழுந்து உள்ளே போகும்போது காலைப் பார்ப்பார்கள், ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். இப்போது முதல்தடவையாக அவள் இரண்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு மூன்றாவதைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். கடல் ஏறிவந்து கரையை அரித்ததில் நேசமணியின் கொட்டகை பாதி இடிந்துபோயிருந்தது. சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் அவரவர் வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அவன் ஜீப்பில் வந்து ஏற்றிக்கொள்வான். ராஜஸ்ரீ ஆபீசிலிருந்து டேப் கொண்டுவந்து வீட்டை அளந்தாள். அக்ரஹாரத்து வீடு, பக்கத்துச் சுவர் பொதுச்சுவர், வாசல் கதவிலிருந்து கூடம் வரை ஒரே கோடாக ஓடுகிற ரேழி. நீளம் பதினெட்டு அடி, அகலம் மூன்று அடி. வெள்ளையைச் சுவரோரம் ஆணி அடித்து மாட்டினால் கீழே நடக்கலாம், வெளியே எடுக்கும்போது இரண்டு பக்கமும் அரையடி மிச்சம். வீட்டை அவ்வளவு துல்லியமாக அளந்தவள் அண்ணாவை அளக்காமல் விட்டுவிட்டாள்.

அண்ணா வெங்கிடேஷ் ஊரின் இன்னொரு பக்கம், பட்டம் என்கிற இடத்தில் ஃப்ளாட்டில் இருந்தான். பேங்கில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி பத்மப்ரியாவோடு அம்மாவைப் பார்க்க வருவான். அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அஞ்சாம் கிளாஸ் வரை ராஜஸ்ரீயைத் தினமும் முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவன் அவன். மழை பெய்தால் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் நனைந்துகொண்டு நடப்பான். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் அவளுக்கு எதிர்த்துப் பேச எளிதாக இருந்திருக்கும்.

"வள்ளமா? நம்மாத்துக்கா?" என்றான். "நாம என்ன மீன் பிடிக்கவா போறோம்?"

"கயாக் அண்ணா. ஒரு வருஷமா ஓட்டறேன்."

"ஆபீஸ் விஷயம்னு சொன்னது இதாக்கும், இல்லையா? ராஜி, சமுத்திரத்தைக் கண்ட நாள்ல தொடப்படாது. அமாவாசை, பௌர்ணமி மாதிரி பர்வ காலத்துல மட்டும்தான் தொடலாம். அப்பா இதுல எவ்வளவு கண்டிப்புன்னு உனக்குத் தெரியாதா?"

இதை எதிர்பார்த்து அவள் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருந்தாள். "அப்போ அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் போறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் பொழியில் தண்ணீரின் இழுப்பு அதிகம், பழகாதவர்கள் இறங்கவே கூடாது என்று நேசமணி சொல்லியிருந்தான். அதையும் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள் பாவம்.

வெங்கிடேஷ் கொஞ்சம் தடுமாறினான். "சரி, வெளியில எப்படிக் கொண்டு போவே?"

"நேசமணியும் இன்னொருத்தரும் தோள்ல தூக்கிண்டு போவா. ரேழியை அளந்து பாத்தாச்சு. பதினாறடி, நேரா போயிடும்."

இதைத்தான் சொல்லியிருக்கக் கூடாது. வெங்கிடேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இந்த ரேழி வழியா தோள்ல ஏறிப் போற நீள வஸ்து எதுன்னு தெரியுமோ உனக்கு? அப்பாவை எப்படிக் கொண்டுபோனோம்? கூடத்துல அம்மா படுத்திண்டிருக்கா. அவ கண்ணு முன்னால வாராவாரம் அதைப் பண்ணப் போறியா?"

ராஜஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளை பேசும்போதெல்லாம் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள், தூங்குகிறாளா கேட்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், போயேன்டி என்று ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை.

"பின்னே உன் கால்..." என்று வெங்கிடேஷ் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அடுக்களையிலிருந்து காபியோடு வந்த பத்மப்ரியாவுக்கு இந்தச் சுற்றி வளைக்கிற பேச்சு பொறுக்கவில்லை. "சாஸ்திரமெல்லாம் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை கார்த்தால அம்மாவை யாராக்கும் பாத்துக்கறது? சரோஜம் மாமி எத்தனை நாளைக்கு வருவா? எங்களுக்கும் அது ஒரு நாள்தானே லீவு?"

வெங்கிடேஷ் மனைவியை முறைத்தான். ராஜஸ்ரீக்கு எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. சமுத்திரம், பர்வ காலம், அப்பா போன வழி எல்லாம் மேல்பூச்சு, உள்ளே இருந்தது இவ்வளவுதான். பைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். அவள் எழுந்துவிட்டால் பைகளை யார் வைத்துக்கொள்வது?

சண்டை போட்டிருக்கலாம். அவள் சம்பாத்தியம், அவள் ஞாயிற்றுக்கிழமை. முதுகில் சுமந்தவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அதற்காக அவள் பின்னால் தன்னையே எத்தனையோ தடவை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வெங்கிடேஷ் கெட்டவன் இல்லை, அதுதான் கஷ்டமே. தங்கையின் முகம் வாடியது பொறுக்காமல் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். காற்றடைத்து ஊதுகிற கயாக் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தான். மடித்தால் பைக்குள் அடங்கும், தெருவில் ஒருவருக்கும் தெரியாது, தோளில் தூக்க வேண்டாம், ரேழி, கூடம் ஒன்றையும் தொடாது. "எப்பவானும் லீவு கிடைச்சா காயல்ல போட்டுக்கோ, கடல் வேண்டாம்" என்றான். கூடவே ஒரு மிதி பம்பும் வந்தது. ராஜஸ்ரீ ஒரு மாதம் கழித்து அதை வேளிக்குக் கொண்டுபோனாள். நேசமணி பார்த்துவிட்டு ஊதிக் கொடுத்தான். காயல் நடுவே கடல்காற்று எழுந்ததும் அந்த மெத்தை அவள் சொன்ன எதையும் கேட்கவில்லை. இருந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பெடல் படகில் வந்த ஒரு தேனிலவு ஜோடி, பாவம் காலு வய்யாத்த சேச்சி என்று மலையாளத்தில் பரிதாபப்பட்டுக்கொண்டே அவளைக் கரைக்கு இழுத்து வந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு அவள் வேளிக்குப் போகவில்லை.

வெள்ளையை நேசமணி மூன்று மாதம் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தான். பிறகு கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற யாரோ வாங்கிக்கொண்டு போனதாக போனில் சொன்னான். "செருப்புத் துண்ட மட்டும் பிச்செடுத்து வச்சிருக்கேன் அக்கா" என்றான்.

காற்றுப் படகு பரணில் கிடந்து மக்கியது. பம்ப் மட்டும் உபயோகப்பட்டது. அம்மாவுக்கு முதுகில் படுக்கைப்புண் வர ஆரம்பித்தபோது காற்று மெத்தை போடச் சொன்னார் டாக்டர். அந்த மெத்தையில் காற்று தினமும் கொஞ்சம் இறங்கிவிடும். ராஜஸ்ரீ தினமும் காலையில் நல்ல காலால் பம்பை மிதித்து அம்மாவை ஒரு அங்குலம் உயர்த்துவாள். ஆறு வருஷம் மிதித்தாள். அம்மா போனாள், அதே ரேழி வழியாக, தோளில். ஐம்பத்தாறு வயதில் ராஜஸ்ரீ ரிட்டயர் ஆனாள். அந்த வருஷமே வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது என்று தெரிந்தது. ஊன்றுகோல்காரர்களுக்கு வருவதுதானாம், இனிமேல் கையைத் தலைக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் இருந்த ஒரே பலமும் போய்ச் சேர்ந்தது.

சமீபத்தில், கார்த்திகை மாதம் ஒருநாள், வெங்கிடேஷின் பெண் மீனு போன் பண்ணினாள். பெங்களூர் வேலையை இங்கே மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"அத்தை, ஒரு ஹெல்ப் வேணும். எனக்கு ஸீ கயாக் வாங்கணும். பிகினர்க்கு எது நல்லது? யூட்யூப்ல ஓரோருத்தரும் ஓரோண்ணு பறயறா. அப்பாதான் சொன்னா, அத்தைக்கு இதெல்லாம் நன்னா அறியும், அவளையே கேளுன்னு."

ராஜஸ்ரீ போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அப்பாதான் சொன்னா.

"கடல்ல போறதுக்கு அப்பா சம்மதிச்சாச்சா?"

"பின்னே? அப்பாதான் வாங்கித் தரா, பர்த்டே கிஃப்ட். ஏன் அத்தை?"

"சும்மா கேட்டேன்" என்றாள் ராஜஸ்ரீ. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அப்போது அவளுக்குப் பதினாலு வயது.

ஒன்பது வருஷம் கழித்து வேளிக்குப் போனாள். நேசமணிக்கு நரை விழுந்திருந்தது, கொட்டகையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டியிருந்தான். "அக்கா" என்றவன் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். மீனுவுக்கு அகலமான ஆரஞ்சுப் படகு ஒன்று பிடித்துப்போயிற்று. காயலில் ஒரு சுற்றுப் போய்வந்து, "இது சூப்பர், ஆடவே இல்லை, இதே போறும்" என்றாள்.

அந்த நேரத்தில் ராஜஸ்ரீயின் மனசு என்ன சொன்னது என்பதை மறைப்பானேன்? போகட்டும், அதையே வாங்கட்டும் என்றது. பொழி தாண்டியதும் பயந்து நடுங்கிக் கரையேறட்டும், இரண்டு மாதத்தில் வெறுத்துப்போய் அதுவும் பரணுக்கு ஏறட்டும் என்றது. வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான். நாக்கு நுனி வரை வந்ததை, நேசமணி பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கினாளா, மீனு முகம் பார்த்து விழுங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

"இது வேண்டாம்" என்றாள். "காயல்ல ஆடாதது கடல்ல ஆடும். ஒல்லியா இருக்கறதுல உக்காரு. முதல்ல பயமா இருக்கும், பத்து நாள் பொறுத்துக்கோ. இடுப்பு ரெண்டு பக்கமும் படணும், தொடை பிடிக்கணும், காலு எட்டணும்."

நேசமணி ஒல்லியான சிவப்புப் படகு ஒன்றை இறக்கினான். மீனு உள்ளே உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள். இரண்டு பாதமும் போய் உள்ளே கால் ஊன்றும் பலகையில் சரியாகப் பொருந்தின. அந்த இடது பாதத்தையே ராஜஸ்ரீ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு நீளம்?" என்று போனில் கேட்டான் வெங்கிடேஷ்.

"பதினாறடி."

"அய்யோ, ஃப்ளாட்ல லிஃப்ட்ல நுழையாதே." ஒரு நிமிஷம் யோசித்தான். அப்புறம் சந்தோஷமாக, "நம்மாத்து ரேழி இருக்கே! சுவரோரம் மாட்டிடலாம். ராஜி, அதுக்குன்னே கட்டினாப்ல இருக்கு, கேட்டியா?" என்றான்.

படகு வந்தது. வெங்கிடேஷ் நின்று ஆணி அடிக்க வைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனும் மீனுவும் வந்துவிட்டார்கள். வாசலில் நேசமணியின் ஜீப். வெங்கிடேஷ் அறுபது வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்பக்கத்தைத் தோளில் ஏற்றினான், பின்பக்கத்தை மீனு. தெருவில் நாலைந்து பேர் எழுந்து வந்து பார்த்தார்கள். சரோஜம் மாமி, "வெங்கிட்டு, கெட்டிக்காரியாக்கும் உன் பொண்ணு!" என்றாள். வெங்கிடேஷுக்குப் பெருமை தாங்கவில்லை.

ரேழி நடுவில் ஊன்றுகோலோடு நின்றிருந்த ராஜஸ்ரீ கேட்டாள். "அண்ணா, இன்னிக்கு என்ன திதி?"

"சப்தமி. ஏன், எதானும் விசேஷமா?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். நடிப்பில்லை. நிஜமாகவே அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அவளை மறுத்தது அவனுக்கு மறக்கிற அளவுக்குச் சின்ன விஷயம்.

"ஒண்ணுமில்லே."

"அப்போ கொஞ்சம் விலகிக்கோ ராஜி, இடிச்சுடப் போறது. வந்ததும் உப்புத் தண்ணி போக அலம்பணும், ஹோஸை எடுத்து வெச்சுடு."

ராஜஸ்ரீ சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். மீனு தன் பையை அவள் கையில் கொடுத்து, "ஒரு நிமிஷம் பிடிச்சுக்கோ அத்தை" என்றாள். சிவப்புப் படகு அவள் முகத்துக்கு நேராக, ஒரு சுவரையும் தொடாமல், வாசலைத் தாண்டிப் போயிற்று.